மூன்று பிளேட்டுகளிலும் அம்புக்குறி போட்டவருக்கு

பொதுப் பட்டறைக்காக மூன்று வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளேட்டுகளை (சமதளம் பார்க்க உதவும் தட்டையான பலகைகளை) கூட்டாகச் சுரண்டிச் சமன்செய்துகொண்டிருந்தோம். இரண்டு மட்டும் இருந்தால் ஒன்று குழிந்து மற்றது புடைத்திருந்தாலும் கச்சிதமாகப் பொருந்திவிடும், அதனால்தான் மூன்று. 1840இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் விளக்கிய முறை இது. ஒன்றில் நீலச் சாயம் தடவி மற்றதோடு தேய்த்தால், மேடான இடத்தில் மட்டும் அது ஒட்டும். மூன்று ஜோடியிலும் அந்த நீலம் பரவலாக ஒட்டியது. ஆனாலும் மேலே வைத்த வேலைப்பொருள் மூலைக்கு மூலை ஆடியது.

யாரும் கேட்காமலே நீங்கள் மேல் பிளேட்டை 90 டிகிரி திருப்பி வைத்துத் தேய்த்தீர்கள். நீலம் எதிரெதிரான இரண்டு மூலைகளில் மட்டும் ஒட்டியது. முறுக்கல்! ஒரே திசையில் வைத்துப் பார்க்கும்வரை மூன்று பிளேட்டுகளும் சேர்ந்தே அதை மறைத்துவிடும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அதோடு நீங்கள் போய்விடவில்லை. நீலத்தைத் துடைத்து, உள்ளங்கையால் மெல்லிய படலமாகத் தடவிக் காட்டினீர்கள். தடிப்பாக இருந்தால் பள்ளமும் மேடாகத் தெரியும். ஒவ்வொரு சுற்று சுரண்டலுக்குப் பிறகும் எண்ணெய்க் கல்லால் பிசிறை எடுத்தீர்கள். பிசிறு நின்றால் பொய்ப் புள்ளி விழும். கைச்சூட்டில் பிளேட் வளையும் என்று, சோதிக்கும் முன் வெகுநேரம் தொடாமல் விட்டீர்கள்.

நாங்கள் திரும்பியபோது நீங்கள் இல்லை. மூன்று பிளேட்டுகளின் விளிம்பிலும் அ, ஆ, இ என்று சுண்ணக்கட்டி எழுத்து, பக்கத்தில் திருப்ப வேண்டிய திசைக்கு அம்புக்குறி. அதைப் பார்த்தே வேலையை முடித்தோம். இப்போது எப்படித் திருப்பி வைத்தாலும் நீலம் ஒரே சீராக விழுகிறது.

பெயர்கூடக் கேட்கவில்லை, மன்னியுங்கள். மனமார்ந்த நன்றி ஐயா. அம்புக்குறிகளை அழியாதபடி பொறித்து வைத்திருக்கிறோம்.