கூகுள் வந்ததா என்று கேட்டிருந்தீர்கள்

சான் ஹோசே, கலிஃபோர்னியா,
பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரனுக்குச் சளி விட்டுவிட்டது, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். "உங்க ஊர்ல கூகுள் ஒரு டவுனே கட்டுதாமே, முடிஞ்சிருச்சா?" என்று போனில் கேட்டீர்கள். பேச்சு பாதியிலேயே வேறு எங்கோ போய்விட்டது. நகராட்சியில் நகரமைப்புப் பிரிவிலேயே காலம் தள்ளியவருக்கு இதை அரைகுறையாகச் சொல்லக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கட்டவில்லை அப்பா. அனுமதி கொடுத்து மூன்று வருஷம் ஆகப்போகிறது.

நான் வேலைக்கு ரயில் ஏறுவது டிரிடான் ஸ்டேஷனில். 1935-இல் கட்டிய நிலையம். அதைச் சுற்றி பழைய கிடங்குகள், பட்டறைகள், கார் நிறுத்தும் திடல்கள் என்று ஊர் நடுவிலேயே நிலம் சும்மா கிடந்தது. அங்கேதான் 80 ஏக்கரில் கூகுள் திட்டம் போட்டது. 73 லட்சம் சதுர அடி ஆபீஸ், 4,000 வீடுகள், ஹோட்டல், கடைகள், 15 ஏக்கர் பூங்கா. 25,000 பேர் வேலை பார்ப்பார்கள் என்றார்கள். நாங்கள் வந்த புதிதில், 2017-இல், இந்தப் பேச்சு கிளம்பியது. கிளம்பின கையோடு எங்கள் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார்.

இங்கே நகர்மன்றம் எப்படி நடக்கிறது என்பதுதான் உங்களுக்குப் பிடிக்கும். மேயரையும் சேர்த்து மொத்தம் 11 ஓட்டு. யாரும் கட்சிச் சின்னத்தில் நிற்பதில்லை. அஜெண்டாவை 72 மணி நேரம் முன்பே ஒட்டியாக வேண்டும். உள்ளாட்சிக் கூட்டங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று 1953-இல் வந்த பிரவுன் சட்டம் அப்படி. (முதல் நாள் ராத்திரி நீங்கள் அஜெண்டாவைச் சுமந்துகொண்டு கவுன்சிலர் வீடு வீடாக அலைந்தது ஞாபகம் வந்தது.) பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசலாம். ஓட்டுரிமை இல்லாத என்னைப் போன்ற விசாக்காரர்களும் பேசலாம். ஆளுக்கு இரண்டு நிமிஷம், கூட்டம் கூடிவிட்டால் ஒரு நிமிஷம். எதிரே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூட ஆயா பேசி முடித்ததும் வங்கிக்காரர் பேசுவார், இருவருக்கும் அதே நேரம்தான். ஸ்பானிஷ், வியட்நாமிய மொழியில் பேசுகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் உண்டு.

இதையெல்லாம் வைத்து இங்கே சண்டையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2018 டிசம்பரில், அந்த வட்டாரத்தில் இருந்த அரசு நிலத்தைக் கூகுளுக்கு விற்கும் தீர்மானம் வந்தது. விலை சுமார் 11 கோடி டாலர். வாடகை ஏறி ஏழைகள் ஊரை விட்டே போக வேண்டியதுதான் என்று கூச்சல். சிலர் சபையில் நாற்காலியோடு தங்களைச் சங்கிலியால் பூட்டிக்கொண்டார்கள்! போலீஸ் வந்து எட்டுப் பேரைக் கைது செய்தது. சபையைக் காலி செய்துவிட்டு, அப்புறம் ஓட்டெடுத்து, ஒருமனதாக விற்றார்கள். நான் வீட்டில் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் வெளிநடப்பெல்லாம் இதற்கு முன்னால் சாதாரணம்.

ஆனால் அந்தச் சத்தம் வீண் போகவில்லை. இறுதி ஒப்புதல் 2021 மே 25-ஆம் தேதி, கொரோனா காரணமாக ஜூமில் நடந்தது. அதற்குள் தொழிற்சங்கங்களும் சமூக அமைப்புகளும் பேரம் பேசிப் பேசி, கடைசியில் ஆதரவாகவே வந்து நின்றன. 4,000 வீட்டில் 1,000 வீடு வருமானம் குறைந்தவர்களுக்கு. ஊர் நலனுக்கென்று மொத்தம் 20 கோடி டாலர். அதில் 15 கோடிக்கு மேல், வீடு இழக்கும் அபாயத்தில் இருப்பவர்களுக்கும் வேலைப் பயிற்சிக்கும் தனி நிதி. பக்கத்திலேயே ஐஸ் ஹாக்கி அரங்கம் ஒன்று இருக்கிறது. அந்த அணிக்காரர்கள், ரசிகர்கள் வண்டியை எங்கே விடுவார்கள் என்று கேட்டு வழக்கு வரைக்கும் போவோம் என்றார்கள். பார்க்கிங்குக்காகப் போட்ட சண்டை வீட்டுக்காகப் போட்ட சண்டைக்குச் சளைத்ததில்லை! அதையும் கடைசி நேரத்தில் பேசித் தீர்த்தார்கள். ஒப்புதலும் ஒருமனதாகத்தான்.

பிறகு இடிக்கிற வேலை ஆரம்பித்தது. பழைய கட்டடங்கள் சில போயின. ஒரு பழைய கறிக் கம்பெனியின் நியான் பலகை மட்டும் இன்னும் நிற்கிறது. அதில் ஒரு பன்றி காலை மாற்றி மாற்றி ஆடும். ஊர்க்காரர்கள் காசு திரட்டி அதைப் பழுது பார்த்து எரிய வைத்திருக்கிறார்கள். திட்டத்திலும் அதைக் காப்பாற்ற இடம் ஒதுக்கியிருந்தார்கள். உங்கள் பேரன் ராத்திரி அந்த வழியாகப் போனால் அதன் முன்னால் நின்று அதே மாதிரி ஆடுகிறான்.

2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை வேலையை விட்டு அனுப்பியது தெரியுமல்லவா. அந்த ஏப்ரலில் இங்கே வேலை நின்றுவிட்ட செய்தி வந்தது. வருஷக் கடைசியில், சேர்ந்து கட்டுவதாக இருந்த ஆஸ்திரேலியக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தமும் முடிந்தது. ஊரைக் கைவிடவில்லை, யோசிக்கிறோம் என்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிய பிறகு, 73 லட்சம் சதுர அடியில் யாரை உட்கார வைப்பது? இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது அப்பா. அந்த 15 கோடி நிதியின் பெரும்பகுதி, ஆபீஸ் கட்டடம் எழும்ப எழும்ப, சதுர அடிக்கு இவ்வளவு என்று வர வேண்டிய பணம். ஆபீஸ் இல்லையென்றால் அதுவும் இல்லை.

நான் கேட்டவரைக்கும் அத்தனை பேரும் கூகுள் வந்தால் என்ன ஆகும் என்றுதான் பேசினார்கள். ஆதரித்தவர்களும் அப்படித்தான், எதிர்த்தவர்களும் அப்படித்தான். வராமலே போனால் என்ன செய்வது என்று யோசித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. மன்றம் அனுமதி கொடுக்கலாம், நிபந்தனை போடலாம். கட்டு என்று கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியாதே.

நீங்கள் பிளான் அப்ரூவலில் காலக்கெடு போட்டுத்தானே கையெழுத்து போடுவீர்கள்? கெடு தாண்டிய பெரிய ஆட்களை என்ன செய்தீர்கள், உண்மையில் ஏதாவது செய்ய முடிந்ததா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கோடையில் வரும்போது ஒரு செவ்வாய்க்கிழமை உங்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். மத்தியானம் ஒன்றரைக்கு ஆரம்பம். சீட்டு எழுதிக் கொடுத்தால் நீங்களும் பேசலாம், ஆனால் இரண்டு நிமிஷத்தில் உங்களால் முடிக்க முடியாது. விசா இன்டர்வியூவுக்கு பென்ஷன் ஆர்டரின் ஒரிஜினலை எடுத்துப் போங்கள். அம்மாவை சாம்பார்ப் பொடி அரைக்கும்போது மிளகாயைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், இவருக்கு வயிறு சரியில்லை.

அன்புடன்,
சித்ரா