சம்பந்திக்கு ஒரு கடிதம்: உங்கள் கொள்ளுத்தாத்தாவின் இனிஷியல்

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இதை என் மகள் உங்களுக்கு இங்கிலீஷில் வாசித்துக் காட்டுவாள். ‘சம்பந்தி’ என்ற முதல் சொல்லிலேயே திணறுவாள். மகளின் மாமனாரைக் கூப்பிட இங்கிலீஷில் ஒரு சொல் கிடையாது. போன குளிர்காலத்தில் உங்கள் சமையலறையில் உட்கார்ந்து இதைப் பற்றி அரை மணி நேரம் சிரித்தோமே, நினைவிருக்கும்.

அன்றுதான் அந்த செருப்புப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். “நீங்கள் நிலம் அளக்கும் ஆபீசில் இருந்தவர், பழைய காகிதம் படிக்கத் தெரியும். எங்கள் ஆட்கள் ஜெர்மனியில் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள்” என்றீர்கள். அமெரிக்காவின் அயோவாவில் ஜனவரி மாதம் எனக்கு வேறு என்ன வேலை? வெளியே கால் வைத்தால் மூக்கு உறைகிறது. சரி என்று உட்கார்ந்தேன். முடிவை நேரில் சொல்வதற்குள் விசா முடிந்து ஊர் திரும்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். ஊரறியப் போகும் கடிதம் என்பதால் உங்கள் குடும்பப் பெயரையும் பூர்வீகக் கிராமத்தின் பெயரையும் இதில் எழுதவில்லை. மகளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் “நாங்கள் ஹானோவர்க்காரர்கள்” என்றே சொல்லி வந்திருக்கிறீர்கள். உங்கள் அத்தை இருபது வருடம் ஹானோவர் நகரத்துக்குக் கடிதம் எழுதித் தேய்ந்திருக்கிறார். 1870 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் கொள்ளுத்தாத்தா பிறந்த இடம் ஹானோவர். 1880இல் பிரஷ்யா. 1900இல் ஜெர்மனி. இவர் என்ன, ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறாரே என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்புறம் வரலாற்றைப் பார்த்தால் மூன்றுமே சரி. ஹானோவர் என்பது நகரம் மட்டுமல்ல, ஒரு ராஜ்ஜியம். 1866இல் பிரஷ்யா அதை விழுங்கியது. ஜெர்மனி என்ற நாடே 1871இல்தான் உண்டானது. மனிதர் ஒரே ஊரில்தான் பிறந்தார். அந்த ஊரின் மேல் பறந்த கொடிதான் மாறிக்கொண்டே இருந்தது.

ராஜ்ஜியம் என்றால் அதில் எந்த மூலை? அதற்கு விடை பெட்டியில் இல்லை, உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. உங்கள் அம்மா டீ குடிக்கும் விதத்தை ஒருநாள் செய்து காட்டினீர்கள். கோப்பையில் முதலில் கற்கண்டு. அதன் மேல் கொதிக்கக் கொதிக்க டீ, கற்கண்டு கிர்ரென்று விரியும் சத்தம். ஓரமாக ஒரு கரண்டி கிரீம். கலக்கவே கூடாது. மூன்று கோப்பைக்குக் குறைந்தால் மரியாதை இல்லை. காபி தேசமான ஜெர்மனியில் இப்படி டீ குடிக்கிறவர்கள் வடமேற்கு ஓரத்தில் கடலை ஒட்டிய ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள்தான். ஹானோவர் ராஜ்ஜியத்தில் அதுவும் ஒரு பகுதி. உங்கள் அயோவாவின் கிரண்டி கவுண்டியில் வெல்ஸ்பர்க், ஹாலந்து என்ற ஊர்கள் பக்கமெல்லாம் அவர்கள் கூட்டமாக வந்து குடியேறியிருக்கிறார்கள்.

அந்தப் பகுதியின் துறைமுக நகரம் எம்டன். இந்தப் பெயரைப் பார்த்ததும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள். அந்த ஊரின் பெயரை வைத்த போர்க்கப்பல்தான் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுபோட்டுக் கொளுத்தியது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் கில்லாடியான ஆளை ‘அவன் பெரிய எம்டன்’ என்போம். உங்கள் பூர்வீகத்தோடு கால் பங்கு சம்பந்தம் எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

கப்பல் பயணிகள் பட்டியலை நம்பிப் பிரயோஜனமில்லை. ஹாம்பர்க் துறைமுகத்தில் 1850 முதல் உள்ள பட்டியல்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் உங்கள் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் ஏறியது பிரெமனில். அங்கே இடமில்லை என்று பழைய பட்டியல்களை அவர்களே அழித்தார்கள், மிச்சத்தைப் போர் தின்றது. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்புத் தாள்களும் அநேகமாக முழுவதும் போய்விட்டன. 1921இல் வாஷிங்டனில் தீ.

எனக்குக் கைகொடுத்தது நில வரைபடம். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 640 ஏக்கர். எண் போடும் விதம்தான் அழகு. வடகிழக்கு மூலையில் ஒன்றில் தொடங்கி மேற்கே ஆறு வரை போய், கீழே இறங்கித் திரும்பிக் கிழக்கே ஏழு, எட்டு என்று, ஏர் ஓட்டுகிறவன் போய்த் திரும்புவது போலவே. சர்வே கல்லோடு முப்பத்தைந்து வருடம் கழித்தவனுக்கு இதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷம்! உங்கள் கொள்ளுத்தாத்தாவின் எண்பது ஏக்கரைச் சுற்றி யார் யார் நிலம் என்று எழுதிக்கொண்டேன். பிறகு அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு உங்கள் லூத்தரன் சபையின் பழைய பதிவேட்டைத் திறந்தேன். பக்கத்து நிலத்துக்காரர்தான் உங்கள் தாத்தாவுக்கு ஞானத்தகப்பன். 1873 திருமணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் கிராமத்தின் பெயரே இருந்தது. சர்க்கார் காகிதம் ராஜ்ஜியத்தோடு நின்றுவிட்டது, பாதிரியார்தான் ஊரை எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பழைய ஜெர்மன் கையெழுத்து இருக்கிறதே! ‘ஈ’ எழுத்து ‘என்’ போல இருக்கிறது. ‘யூ’ எழுத்தை அடையாளம் காட்ட அதன் தலையில் ஒரு வளைவு. எங்கள் பழைய கிரயப் பத்திரங்களில் புள்ளியே வைக்காத எழுத்தர்களோடு மல்லுக்கட்டிய அனுபவம் இல்லாவிட்டால் அன்றே மூடி வைத்திருப்பேன்.

ஊர் கிடைத்தபின் சுவர் வந்தது. கொள்ளுத்தாத்தாவின் அப்பாவுக்கு உங்கள் குடும்பப் பெயர் இருக்கிறது. அவருடைய அப்பாவுக்கு வேறு பெயர். அவருக்கும் அப்பாவுக்கு இன்னொரு பெயர். இணையத்தில் யாரோ போட்டிருந்த வம்சமரத்தில் இந்த இடத்தில் ‘தத்துப்பிள்ளையாக இருக்கலாம்’ என்று ஒரு குறிப்பு. எனக்கோ ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. உங்கள் ஊர் விண்ணப்பங்களில் ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தில் என் அப்பா பெயரை எழுதி, என் மகள் அதில் என் பெயரை எழுதி, நாங்கள் இருவரும் அப்பாவும் மகளும்தானா என்று எத்தனை பேர் சந்தேகமாகப் பார்த்திருக்கிறார்கள்! ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்திலும் இதே கதைதான். ஹார்ம் என்பவரின் மகன் யான் என்றால் அவர் யான் ஹார்ம்ஸ். அவர் தன் மகனுக்கு ஹார்ம் என்று பெயர் வைத்தால் அந்தப் பையன் ஹார்ம் யான்ஸென். பெண்ணுக்கும் அப்பா பெயர்தான் பின்னால். சம்பந்தி, அது குடும்பப் பெயரே இல்லை, இனிஷியல்! எங்களுக்கு முன்னால் வருகிறது, உங்களுக்குப் பின்னால் வந்தது, அவ்வளவுதான்.

இதை நிறுத்தியது நெப்போலியன். 1810இல் அந்தப் பகுதியைப் பிரான்ஸோடு சேர்த்துக்கொண்டு, 1811இல் எல்லோரும் நிலையான ஒரு குடும்பப் பெயர் எடுக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். சனங்கள் லேசில் கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் போனபிறகும் பழைய வழக்கம் அங்கங்கே ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் பெயர் அந்த உத்தரவில் உறைந்துபோன ஏதோ ஒரு தாத்தாவின் பெயர்.

இன்னொரு தப்பும் அந்த வம்சமரத்தில் இருந்தது. கொள்ளுத்தாத்தா பிறந்தது 1842 என்று போட்டிருந்தார்கள். நாம் இருவரும் பனியைத் தட்டிப் படித்த கல்லறையில் தேதிக்குப் பதில் வயதுதான்: 67 வருடம், 4 மாதம், 9 நாள். இறந்தது 1912. கழித்துப் பார்த்தால் 1845 வருகிறது. மூன்று வருட வித்தியாசம். கிராமத்து ஞானஸ்நானப் பதிவுகளைக் குடும்பவாரியாகத் தொகுத்த புத்தகத்தில் விடை இருந்தது. 1842இல் பிறந்த பையன் இரண்டு வயது நிறையும் முன்பே இறந்துவிட்டான். அடுத்துப் பிறந்த ஆண்பிள்ளைக்கு அதே பெயரை வைத்தார்கள். அங்கே அது வழக்கம், தாத்தா பெயர் விட்டுப்போகக் கூடாது. இணையத்து மரமோ இறந்த குழந்தையைக் கப்பலேற்றி, கல்யாணம் செய்துவைத்து, ஒன்பது பிள்ளைகளையும் கொடுத்திருந்தது. அதை அப்படியே நகலெடுத்த மரங்கள் இன்னும் நான்கு பார்த்தேன். அந்தக் குழந்தைக்குத் தனியாக ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் குடும்பக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஏன் கிளம்பினார் என்று கேட்டீர்கள். காகிதத்தில் காரணம் எழுதியிருக்காது. ஆனால் அந்த ஊர் கரிச்சேற்று நிலத்தை வெட்டி உண்டான ஊர். சதுப்பில் குடியேறியவர்களைப் பற்றி அங்கே ஒரு பழமொழி உண்டு: முதல் தலைமுறைக்குச் சாவு, இரண்டாவதுக்குப் பஞ்சம், மூன்றாவதுக்குத்தான் ரொட்டி. அவர் மூன்றாவதுவரை காத்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். அயோவாவின் ஈரப் புல்வெளியில் மண்குழாய் பதித்துத் தண்ணீர் வடித்தது அவருக்குப் புது வேலையாக இருந்திருக்காது.

கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் கேட்ட இன்னொரு கேள்வி. பழைய கற்களில் ஜெர்மன், பிறகு திடீரென்று எல்லாமே இங்கிலீஷ், ஏன்? ஜெர்மனியோடு போர் நடந்துகொண்டிருந்த 1918 மே மாதம் அயோவா கவர்னர் ஹார்டிங் ஒரு பிரகடனம் போட்டார். பள்ளியில், ரயிலில், தொலைபேசியில், பொது இடத்தில், கோயிலில்கூட இங்கிலீஷ் தவிர வேறு மொழி பேசக் கூடாது. இங்கிலீஷ் தெரியாதவர் ஜெபத்தை வீட்டில் செய்துகொள்ள வேண்டியது. உங்கள் அப்பா குழந்தைகளிடம் ஒரு வார்த்தைகூட அந்த மொழியில் பேசவில்லை, மாடுகளிடம் மட்டும் பேசுவார் என்றீர்களே. மாட்டிடம் பேசினால் யார் புகார் கொடுக்கப் போகிறார்கள்?

ஐப்பசியில் நம் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. உங்கள் பழைய ஊர் வழக்கப்படி முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். எங்களுக்கும் அப்படித்தான். ‘பேரன்’ என்ற சொல்லே பெயரன், தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் என்பதுதான். ஆக, பையன் பிறந்தால் இரண்டு ஊர்க் கணக்கிலும் உங்களுக்கே முதல் உரிமை. இரண்டாவது ஒன்று பிறந்தால் என்னை மறந்துவிடாதீர்கள். என் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. மாப்பிள்ளையை இப்போதே பழகச் சொல்லுங்கள்.

வரும்போது கற்கண்டு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி