அறிவித்த படத்தை, அறிவித்த நேரத்தில், முழுசாகப் போடுங்கள்

பெறுநர்: நிகழ்ச்சிப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்கள்

அனுப்புநர்: உங்கள் பழைய படச் சேனலுக்கு மாதாமாதம் பணம் கட்டிப் பார்க்கும் ஒரு ரசிகர், திருச்சி

பொருள்: ‘ஏழை படும் பாடு’ ஒளிபரப்பாகாதது பற்றியும், ஒளிபரப்பிய பழைய படங்களை வெட்டியது பற்றியும்

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு ‘ஏழை படும் பாடு’ என்று ஒரு வாரமாக ப்ரோமோ போட்டீர்கள். கதாநாயகன் நாகையாவின் முகத்தைக் காட்டி, அரிய படம், தவற விடாதீர்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். 11 மணிக்கு வந்ததோ நீங்கள் ஏற்கெனவே பலமுறை போட்டுத் தேய்ந்த ஒரு கலர் படம். மன்னிப்பு வேண்டாம், திரைக்குக் கீழே ஒரு வரி ஓட விட்டிருக்கலாமே, அதுகூட இல்லை. செட்டாப் பாக்ஸ் பட்டியலில் அந்த நேரத்துக்கு ‘ஏழை படும் பாடு’ என்றுதான் கடைசி வரைக்கும் இருந்தது, அதனால் முதல் அரை மணி நேரம் இது ஏதோ விளம்பரத் துண்டு, இப்போது மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் படம் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நம்புகிறேன், தெரியாமல் ‘அரிய படம்’ என்று போட்டிருக்க மாட்டீர்கள். 1950இல் கோவை பக்ஷிராஜா ஸ்டூடியோ எடுத்தது. விக்டர் ஹ்யூகோவின் பிரெஞ்சு நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கி அதே தலைப்பில் வெளியிட்டிருந்தார், அதிலிருந்து வந்த கதை. இயக்கியவர் கே. ராம்நாத், ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர், அடுத்த வருஷமே எம்.ஜி.ஆரை வைத்து ‘மர்மயோகி’ கொடுத்தவர். நாகையாவைத் துரத்திக்கொண்டே திரியும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டு அவர் ஜாவர் சீதாராமன் ஆனார். அவருடைய எழுத்தையும் நடிப்பையும் பிற்காலப் படங்களில் பார்த்து ரசித்த எத்தனையோ பேர் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கலாம் என்று ஆசை காட்டிவிட்டு இப்படிச் செய்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

நாங்கள் நண்பர்கள் சிலர், ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறோம், எங்கேயாவது எந்தச் சேனலிலாவது நாற்பதுகள், ஐம்பதுகள் படம் வருகிறது என்றால் ஒருவருக்கொருவர் போன் செய்து சொல்லிக்கொள்வோம். இந்தப் படத்துக்கும் அப்படித்தான் எல்லோருக்கும் தகவல் போனது. கோவையில் இருக்கும் நண்பரின் அம்மா இதைச் சிறுமியாகத் தியேட்டரில் பார்த்தவர், எண்பதைத் தாண்டிவிட்டார், காலையிலேயே குளித்துவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாராம். அவருக்கு யார் பதில் சொல்வது?

உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். முதலில் பேசியவர் படத்தின் பெயரையே இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார், அது அவர் குற்றமில்லை. அப்புறம் வந்த பதில், ‘உரிமை தொடர்பான காரணங்களால் மாற்றப்பட்டது’ என்பது. இதை நான் ஏற்கவில்லை. நம் நாட்டில் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான உரிமை அது வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 1950இல் வந்த படத்துக்கு 2010ஆம் வருஷக் கடைசியோடு அது முடிந்துவிட்டது. கதை, வசனம், பாட்டு இவற்றின் உரிமை தனி, எழுதியவர் காலமான பிறகும் 60 வருஷம் இருக்கும் என்பதும் தெரியும், அதில் ஏதாவது சிக்கல் இருந்தால் ப்ரோமோ போடுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது நீங்கள். ஒரு வாரம் கூவிவிட்டு ஞாயிறு காலையில் உரிமை ஞாபகம் வந்ததாகச் சொல்வது சரியில்லை.

ப்ரிண்ட் மோசமாக இருந்தது, அதனால் நிறுத்தினோம் என்றால் அதையாவது நேராகச் சொல்லுங்கள். நாங்கள் கீறலுக்கும் சத்தம் இரைவதற்கும் பழகியவர்கள். நடுவில் ஒரு ரீல் இல்லை என்றால் ‘இந்த இடத்தில் படச்சுருள் கிடைக்கவில்லை’ என்று ஒரு அட்டை போட்டுவிட்டு மேலே ஓட்டுங்கள், நன்றியோடு பார்ப்போம்.

இது ஒன்றோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் போடாமல் விட்டதைவிட, போட்ட படங்களுக்குச் செய்ததுதான் எனக்கு அதிக வருத்தம்.

‘அந்த நாள்’ போட்டீர்கள். 1954, ஏவி.எம்., எஸ். பாலசந்தர் இயக்கம், ஒரு பாட்டுகூட இல்லாத படம். படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார், அதன் பிறகு யார் சுட்டது என்று ஒவ்வொருவராக ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அந்தக் கதைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் படமே. நீங்கள் அதில் ஒருவர் சொல்லும் பகுதியை முழுக்க எடுத்துவிட்டீர்கள்! பாட்டை வெட்டினால்கூடக் கதை ஓடும் என்று சமாதானம் சொல்வீர்கள், இதில் வெட்டுவதற்குப் பாட்டே இல்லை என்பதால் சாட்சியையே வெட்டியிருக்கிறீர்கள். முதல்முறை பார்த்த என் அக்கா மகன், ‘மாமா, நடுவுல ஏதோ புரியலையே’ என்று கேட்டான், இருபது வயதுப் பையன், நல்ல படம் என்றால் எந்தக் காலத்துப் படமானாலும் பார்ப்பவன். அவனுக்குப் புரியாமல் போனதற்குக் காரணம் பாலசந்தர் இல்லை. அதோடு மாருதி ராவ் ஒளிப்பதிவில் இருட்டும் வெளிச்சமுமாக இருக்க வேண்டிய அறைகள் எல்லாம் வெளுத்துப் போயிருந்தன. தெளிவாகத் தெரியட்டும் என்று யாரோ வெளிச்சத்தை ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் இருட்டு இருக்க வேண்டும், வேண்டுமென்றே வைத்த இருட்டு அது.

‘ஹரிதாஸ்’ இன்னும் மோசம். 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் என்று நீங்களே முன்னுரையில் பெருமையாகச் சொன்னீர்கள், சொல்லிவிட்டுப் பாட்டுகளை நறுக்கினீர்கள். ‘மன்மத லீலையை’ மட்டும் முழுசாக இருந்தது, ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. என்.சி. வசந்தகோகிலம் பாடுவதைக் கை வைத்துவிட்டீர்கள். கர்நாடக சங்கீதத்தில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு குரல், 1951இலேயே முப்பது வயதை ஒட்டி இறந்துபோனவர், அவர் நடித்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சில படங்கள்தான். குரலை இசைத்தட்டில் கேட்டுக்கொள்ளலாம், அந்த முகம் பாடுவதை வேறு எங்கே போய்ப் பார்ப்பது? பாபநாசம் சிவன் பாட்டு, ஜி. ராமநாதன் இசை, எம்.கே. தியாகராஜ பாகவதர், டி.ஆர். ராஜகுமாரி, இவர்கள் எல்லாம் சேர்ந்த படத்தில் பாட்டை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கதைச்சுருக்கம். தயிர்சாதத்தில் தயிரை எடுத்துவிட்டுப் பரிமாறுகிற வேலை இது.

அப்புறம் அந்தத் திரையை நிரப்பும் பழக்கம். அந்தக் காலப் படங்கள் கிட்டத்தட்ட 4:3 அளவில், அதாவது அகலம் 4 என்றால் உயரம் 3 என்று, எடுத்தவை. இன்றைய டிவி 16:9. இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுவிட்டால் ஒரு குறையும் இல்லை, ஆனால் நீங்கள் பெரிதாக்கித் திரையை நிரப்புகிறீர்கள், மேலேயும் கீழேயுமாகச் சேர்த்துப் படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது. ‘ஜகதலப்பிரதாபன்’ போட்டபோது அதைப் பார்த்து வயிறு எரிந்தது. கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத 1944இல் ‘தாயைப் பணிவேன்’ பாட்டில் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் வாயாலேயே தாளச் சொற்களைச் சொல்லும் கொன்னக்கோல்காரரும் எல்லாம் பி.யு. சின்னப்பாவாகவே ஒரே திரையில் உட்கார்ந்திருப்பார். அந்தக் காட்சியின் அதிசயமே அத்தனை சின்னப்பாவையும் ஒரே நேரத்தில் முழுசாகப் பார்ப்பதுதான். உங்கள் ஒளிபரப்பில் தலை மேலே போயிற்று, வாத்தியத்தில் விளையாடும் கை கீழே போயிற்று, மிச்சம் இருந்த மூலையில் உங்கள் லோகோ. வேறு சில நாளில் வெட்டுவதற்குப் பதிலாக அகலவாக்கில் இழுத்து விடுகிறீர்கள், எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள்.

விளம்பரம் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை, அது இல்லாமல் சேனல் நடக்காது. ஆனால் கேபிள் டிவி விதிகளில் மணிக்கு 12 நிமிடம் என்று அளவு இருக்கிறது, உங்கள் சொந்த ப்ரோமோக்களும் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஞாயிறு காலைப் படங்களில் இது மீறப்படுவதாகவே எனக்குத் தெரிகிறது, உங்கள் ஒளிபரப்புப் பதிவை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். விளம்பர நேரம் போதவில்லை என்பதற்காகப் படத்தை வெட்டுவதைத்தான் சகிக்க முடியவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததற்கு 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை, 15 நாளுக்குள் முடிவு என்று 2021 விதித்திருத்தம் சொல்கிறது, விளம்பர நேரம் பற்றிய பகுதியை அந்த முறையான புகாராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கருப்பு வெள்ளைப் படத்தை யார் பார்க்கிறார்கள், ரேட்டிங் வராது என்று உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் போனில் சொன்னார். ராத்திரி 2 மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் போட்டால் எந்தப் படத்துக்கு ரேட்டிங் வரும்? 1964ஆம் வருஷத்து ‘கர்ண’னைச் சுத்தம் செய்து 2012இல் தியேட்டரில் விட்டார்கள், புதுப்படங்களுக்கு நடுவே நூறு நாள் தாண்டி ஓடியது, வீட்டில் எத்தனையோ தடவை பார்த்தவர்களே டிக்கெட் வாங்கிப் போனார்கள். ஒழுங்காகக் காட்டினால் ஜனம் வரும். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களில் அதே பத்துப் பதினைந்தை மாற்றி மாற்றிப் போடுவதை நான் குறை சொல்லவில்லை, அவற்றை நானும் பார்ப்பவன்தான். வாரத்தில் ஒரே ஒரு நேரத்தையாவது மற்றதற்கு ஒதுக்குங்கள் என்கிறேன். இவர்கள் இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம் ‘கூண்டுக்கிளி’, அதையே உங்கள் சேனலில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931. அதன் பிரதி இன்று யாரிடமும் இல்லை. முப்பதுகளில் வந்த எவ்வளவோ படங்கள் அப்படியே போய்விட்டன, எளிதில் தீப்பிடிக்கும் அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் கெட்டுப்போனது, எரிந்தது, அதிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டது. தப்பிப் பிழைத்து உங்கள் அலமாரிக்கு வந்து சேர்ந்திருப்பவை கொஞ்சம்தான். அவற்றை வைத்திருப்பவர் காட்டவில்லை என்றால் அடுத்த தலைமுறைக்கு அந்தப் படம் இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும், யாரும் கேட்காத படத்தைக் காசு செலவழித்துச் சுத்தம் செய்யவும் ஆள் வராது. உங்கள் சேனல் ஆரம்பித்தபோது இதையெல்லாம் செய்வோம் என்று சொன்னதை நம்பித்தான் பேக்கேஜில் தனியாகச் சேர்த்தேன்.

எனக்கு வேண்டியது இதுதான். ‘ஏழை படும் பாடு’ எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வரும் என்று திரையிலேயே அறிவியுங்கள், நடுராத்திரியில் வேண்டாம். ‘அந்த நாள்’, ‘ஹரிதாஸ்’ இரண்டையும் வெட்டாமல், 4:3 அளவிலேயே இன்னொரு தடவை போடுங்கள். வாரப் பட்டியலில் படத்தின் பெயரோடு வருஷத்தையும் ஓடும் நேரத்தையும் சேர்த்துப் போட்டால் எது முழுசு, எது வெட்டியது என்று நாங்களே தெரிந்துகொள்வோம். கடைசி நேரத்தில் மாற்ற வேண்டி வந்தால் கீழே ஒரு வரி ஓட விடுங்கள். சந்தாப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை.

பதில் கஸ்டமர் கேரிலிருந்து வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் படங்களைத் தேர்ந்தெடுப்பவர் யாரோ, அவரே எழுதட்டும். எந்தெந்தப் படங்கள் கையில் இருக்கின்றன என்று அவர் ஒரு பட்டியல் கொடுத்தால், எதை முதலில் போடலாம் என்று நாங்கள் நண்பர்கள் கலந்து பேசிச் சொல்லத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
திருச்சி