தோளில் தங்கிய கை

அன்புள்ள அக்கா,

அண்ணனைக் கைது செய்து இன்றோடு 1,826 நாள். அந்த விடியற்காலையைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. கதவைத் திறந்தவர் நீங்கள். பிறகு வந்த வாய்தாக்களைப் பற்றியும் எழுதப்போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் போய் உட்கார்ந்தவரும் நீங்கள்தான். நான் எடுத்த ஒரு முடிவைச் சொல்லவே எழுதுகிறேன். அண்ணனின் விடுதலைக்கான இயக்கத்தை அடுத்த வாரம் மறுபடியும் வெளிப்படையாகத் தொடங்குகிறோம். உங்களிடம் முதலில் சொல்ல மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. முன்பு நாங்கள் நிறுத்தியபோது, கையெழுத்திட்டவர்களுக்கும் அஞ்சலட்டை எழுதியவர்களுக்கும் காரணம் சொல்லாமல் நிறுத்தினோம். தொடங்கும்போதாவது எல்லாரும் அறியச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இதை யார் யார் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சில இடங்களில் பெயரும் ஊரும் இராது. அதன் காரணம் உங்களுக்குப் புரியும்.

அந்த மாலையை நான் மறக்கவில்லை. மேசையில் நான்கு படங்களைப் பரப்பினீர்கள். ஒன்றில் அண்ணன் அடையாள அட்டைக்கு நிற்பவரைப் போல விறைத்து நின்றார். இன்னொன்றில் பேச்சின் நடுவே வாய் கோணியிருந்தது. மூன்றாவது உங்கள் திருமணப் படம். நான்காவதில் மட்டும்தான் அவர் சிரித்தார், பாப்பா அவர் தோளைப் பற்றிக்கொண்டு முதுகில் தொங்கியதால். அதைத்தான் சுவரொட்டியில் போட வேண்டும் என்று நான் சொன்னதும், அவள் முகம் வெளியே போகக் கூடாது என்றீர்கள். கணினியிலேயே நீக்கிவிடலாம் என்றேன்; நீங்கள் நம்பவில்லை. துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் கன்னத்தின் ஓரமாக வெட்டிக்கொண்டே போனீர்கள். அண்ணனின் தோளில் இருந்த அவள் கையை மட்டும் உங்களால் வெட்ட முடியவில்லை. வெட்டினால் தோளும் போய்விடும். “கை இருக்கட்டும், கையைப் பார்த்து யாருக்கு என்ன தெரியப்போகிறது” என்று சொல்லிவிட்டு, வெட்டி எடுத்த துண்டை உங்கள் பணப்பைக்குள் வைத்தீர்கள்.

நீங்கள் கத்தரி எடுக்க உள்ளே போயிருந்த நேரத்தில், முழுப் படத்தையும் நான் கைபேசியில் பதிந்துவிட்டேன். இதை இன்றுவரை உங்களிடம் சொன்னதில்லை.

மனித உரிமைக் காப்பாளர்கள் குறித்த பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1998-இல் ஏற்றுக்கொண்ட நாள் டிசம்பர் 9. அன்று காலைக்குள் சுவரொட்டி வெளியாக வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டு கோப்புகளையும் அனுப்பினேன். வடிவமைத்தவர் தவறான கோப்பை எடுத்துவிட்டார். நாற்பது நிமிடத்தில் நீக்கினோம். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. பாப்பாவின் பள்ளியில் நடந்ததை நீங்கள் வேறொருவர் மூலம்தான் எனக்குத் தெரிவித்தீர்கள். இரவு வெகுநேரம் ஆகியிருந்தது, இரண்டு நாள் தூக்கம் இல்லை என்று அப்போது எழுதியிருந்தேன். அவை உண்மைதான். ஆனால் வெட்டாத படம் என்னிடம் இருந்திருக்கவே கூடாது. குழந்தையின் முகம் இருந்தால் பார்ப்பவர் மனம் இளகும் என்ற எண்ணம் எனக்கு இல்லாமல் இருந்திருந்தால் நான் அதைப் பதிந்திருக்கவும் மாட்டேன். மன்னித்துவிடுங்கள், அக்கா. நாங்கள் வெளியிட்டவற்றிலேயே அதிகம் பரவியது அந்தப் படம்தான் என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை.

அதன்பின் நீங்கள் மௌனம் கேட்டீர்கள். அமைதியாக இருந்தால் காரியம் ஆகும் என்று உங்களுக்குச் சொன்னவர் யார் என்று இங்கே எழுத மாட்டேன். என் தவறுக்குப் பின் மறுத்துப் பேச எனக்கு வாய் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தோம். பிணை மனு தள்ளிப்போனது. இன்னும் குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை. எங்கள் பட்டியலில் இருந்தவர்கள் வேறு வேறு பெயர்களுக்காகக் குரல் கொடுக்கப் போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, சிறைகளில் பெயர்களுக்குக் குறைவில்லை. என்னை எரிய வைத்தது வேறொன்று. வெளியே கத்தியவர்கள் அண்ணனின் பெயரால் தங்கள் பெயரை வளர்த்துக்கொண்டார்கள் என்று நீங்கள் உறவினர்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் வேலையை இழந்ததும் அந்தப் பெயரால்தான், அக்கா. அதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

சத்தம் போட்டால் கதவு திறந்துவிடும் என்று நான் வாதாடவில்லை. பெலாரூசின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் அலேஸ் பியாலியாத்ஸ்கி 2021 ஜூலையில் கைதானார். அடுத்த ஆண்டு அவருக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவித்தார்கள். அவர் சிறையில் இருந்ததால் மனைவி ஆஸ்லோவுக்குப் போய் வாங்கினார். உலகமே அவர் பெயரைச் சொன்னபிறகும் 2023 மார்ச்சில் 10 ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். இதைத்தானே நீங்கள் எனக்கு எடுத்துச் சொல்வீர்கள்? அவர் வெளியே வந்தது 2025 டிசம்பரில், அரசுகள் தங்களுக்குள் பேசி முடித்த ஓர் உடன்பாட்டின்படி. ஆனால் அப்படிப்பட்ட பேச்சுகளில் கைதிகளின் பட்டியல் ஒன்று கைமாறுகிறது. மூன்றாண்டு யாரும் உச்சரிக்காத பெயரை அந்தப் பட்டியலில் எழுதுவதற்கு யாருக்கு நினைவிருக்கும்? பழங்குடியினரின் உரிமைக்காகப் பேசிய பாதிரியார் ஸ்டேன் சுவாமியை 2020 அக்டோபரில் கைது செய்தபோது அவருக்கு 83 வயது. நடுங்கும் கையால் குவளையைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சு குழாய்க்காக அவர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. அவருக்காகப் பேசாதவர்கள் யார்? இருந்தும் 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலே போய்ச் சேர்ந்தார். அந்தச் செய்தி வந்த இரவில் நீங்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்து எதுவும் பேசாமல் வெகுநேரம் இருந்தீர்கள். நானும் வைக்கவில்லை.

முதல் ஆண்டில் அஞ்சலட்டைகளுக்கு முகவரி எழுதியவர் நீங்கள். சிறைக் கண்காணிப்பாளர் என்ற சொல்லைக்கூட அவ்வளவு அழகாக எழுதுவீர்கள். கைதிக்கு ஒன்றுகூடப் போய்ச் சேராது, பிறகு எதற்கு என்று ஒருவர் கேட்டபோது, “மூட்டையைத் தூக்குகிறவருக்குக் கனம் தெரியும்” என்று பதில் சொன்னீர்கள். அந்தப் பதிலை நான் எத்தனை கூட்டங்களில் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் அண்ணனிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. எந்த வழியாக வந்தது என்பதை எழுத மாட்டேன். “வெளியே யாராவது பேசுகிறார்களா?” என்று கேட்டிருக்கிறார். நீங்களும் நானும் சேர்ந்து அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் மட்டும், ஆம் என்று சொல்லியனுப்பினேன். அது பொய். அந்தப் பொய்யை மெய்யாக்கத்தான் இந்த வேலை எல்லாம்.

தன்னிச்சையான தடுப்புக்காவல் குறித்த ஐக்கிய நாடுகள் பணிக்குழுவுக்கு மனு ஆயத்தமாகிவிட்டது. அந்தக் குழு 1991 முதல் இயங்குகிறது. அரசிடம் விளக்கம் கேட்டு 60 நாள் தருவார்கள், பிறகு கருத்தை வெளியிடுவார்கள். அதற்கு யாரும் உடனே கட்டுப்பட்டுவிடப் போவதில்லை. என்றாலும் ஒவ்வொரு வாய்தாவிலும் எடுத்து வைக்க ஒரு தாள் கிடைக்கும். விசாரணையைப் பார்வையிட வெளியிலிருந்து இருவர் வந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பெயரும் பாப்பாவின் பெயரும் எந்தத் தாளிலும் இல்லை. ஒப்புதல் கேட்கும் இடத்தில் அண்ணனின் சொல்லை மட்டும் காட்டியிருக்கிறோம். வேண்டாம் என்று நீங்கள் இப்போது சொன்னாலும் நான் நிறுத்தப்போவதில்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

புதிய சுவரொட்டியில் படம் இல்லை. அவர் பெயரும் நாட்களின் எண்ணிக்கையும் மட்டும் இருக்கும். முழுப் படத்தின் பதிவை அழித்துவிட்டேன். நீங்கள் வெட்டித் தந்த படம், அவர் தோளில் அந்தக் கையோடு, இத்தனை காலம் என்னிடம்தான் இருந்தது. அதை நேற்றுப் பதிவுத் தபாலில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி