கட்டுறதெண்டால் முகம் தெரியக் கட்டு

என்ரை செல்ல மகளுக்கு,

நேற்று இரவு நீ வட்ஸ்அப்பிலை அனுப்பின, பிள்ளையை நெஞ்சோடை கட்டித் தூக்கிற சாமானுகளின்ரை மூண்டு படத்தையும் பாத்தனான். எது நல்லம் எண்டு கேட்டுப்போட்டு பிள்ளை எழும்பிட்டாள் எண்டு உடனை வைச்சிட்டாய், அதாலை இருந்து எழுதுறன். நீளமாத்தான் வரும், பால் குடுக்கேக்கை ஒரு கையாலை போனைப் பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா வாசி, அவசரமில்லை.

எனக்கு விசா வந்திருந்தால் உனக்கு இந்தக் கேள்வியே வந்திராது, 31ஆம் நாள் துடக்குக் கழியுமட்டும் குஞ்சு என்ரை மடியிலைதான் கிடந்திருப்பாள். அங்கை நீயும் மருமோனும் மட்டும், அவரும் வாற கிழமை வேலைக்குப் போறார் எண்டால் நீ சாப்பிடுறதுக்கும் தலை இழுக்கிறதுக்கும் ரண்டு கை வேணும்தானே. அதாலை கட்டிக்கொண்டு திரியிறது பிழையெண்டு நான் சொல்லமாட்டன். உன்ரை மாமி "கைச்சூடு பழகிப்போகும், பிறகு இறக்கேலாது" எண்டு சொன்னவ எண்டாய், அவவோடை இதுக்காகக் கதை வளக்காதை. ஆனா மனசுக்கை வைச்சுக்கொள், 1986இலை உங்கடை கனடாவிலையே, மொன்றியலிலை, கைப்பிள்ளையளை வழக்கத்தை விடக் கூட நேரம் தூக்கி வைச்சிருக்கச் சொல்லிப் பாத்திருக்கினம், 6 கிழமைப் பிள்ளையள் அழுற நேரம் 43 வீதம் குறைவா இருந்ததாம். அழுதால்தான் தூக்கிறது எண்டில்லாமல், அழாத நேரமும் தூக்கி வைச்சிருந்த பிள்ளையள்தான் குறைய அழுதது. அதாலை தூக்கினால் பிள்ளை கெட்டுப்போகும் எண்ட பயத்தை விடு.

நான் விஞ்ஞானம் படிப்பிச்சவள், எனக்கு ஏன் எண்டு விளங்காமல் ஒண்டையும் சொல்ல வராது. ஒரு கிழமையா போனும் கையுமா இருந்து வாசிச்சனான், எங்கடை ஒழுங்கையிலை இருக்கிற மிட்வைஃப் மிஸ்ஸிட்டையும் போய்க் கேட்டனான். ஆனா நான் இதிலை இவ்வளவு பிடிவாதமா நிக்கிறதுக்குக் காரணம் வாசிச்சது இல்லை, அதை முதல் சொல்லுறன்.

நீ பிறந்தது 1995 ஆகஸ்ட். ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமச் சனம் முழுக்க சண்டையாலை வீடு வாசலை விட்டு வெளிக்கிட்டதைப் பற்றி எத்தினையோ தரம் கேட்டிருப்பாய், ஆனா நீ எப்பிடி என்ரை நெஞ்சிலை வந்தனி எண்டு நான் ஒருநாளும் வடிவாச் சொன்னதில்லை. அப்பா சைக்கிளிலை உடுப்பையும் அரிசியையும் கட்டி உருட்டிக்கொண்டு முன்னாலை, அம்மம்மா அதின்ரை கரியரைப் பிடிச்சுக்கொண்டு, நான் ஒரு பழைய நூல் சீலையைத் தோளாலை குறுக்கை முடிஞ்சு அதுக்குள்ளை உன்னைப் படுக்க வைச்சுக்கொண்டு பின்னாலை. மழை. செம்மணி வெளியிலை காத்தும் சேர்ந்து அடிச்சது, நீ நனையக்கூடாதெண்டு சீலைத் தலைப்பை இழுத்து உன்ரை முகத்தை மூடிப்போட்டன். சனம் ஒண்டோடை ஒண்டு முட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தடியிலை அரக்கி அரக்கித்தான் போகலாம், ஒரு அடி வைக்க அவ்வளவு நேரம். நீ சத்தமே இல்லை. நான் சந்தோசப்பட்டன் மேள், நித்திரையாப் போனாள், நல்ல பிள்ளை எண்டு.

பக்கத்திலை வந்த ஒரு ஆச்சி, ஆரெண்டே தெரியாது, தலையிலை ஒரு பொட்டலி, அவ சும்மா கையை நீட்டி சீலைக்குள்ளை விட்டுப் பாத்திட்டு "பிள்ளை என்ன குறண்டிப்போய்க் கிடக்குது, முகத்தைத் திற, திற" எண்டு கத்தினவ. திறந்து பாத்தால் உன்ரை நாடி நெஞ்சிலை முட்டி, மூக்கு என்ரை விலாவோடை அழுத்திக்கொண்டு கிடக்குது. நிமித்தின உடனை வீரிட்டு அழுதாய். அந்த அழுகைச் சத்தம் மாதிரி நல்ல சத்தம் நான் இந்த 30 வருசத்திலை வேறை கேட்டதில்லை. அந்த ஆச்சி அந்த இருட்டுக்கை, அந்த நெரிசலுக்கை, பொட்டலியை என்ரை காலடியிலை வைச்சிட்டு சீலையை அவிட்டு உன்னை நிமித்தி, வயித்தோடை வயிறா, தலை என்ரை கழுத்தடியிலை வரத்தக்கதா இறுக்கிக் கட்டிவிட்டவ. "முகம் நனைஞ்சாத் துடைக்கலாம்" எண்டு சொன்னவ. கைதடி மட்டும் உன்ரை மூச்சு என்ரை தொண்டைக்குழியிலை பட்டுக்கொண்டே வந்தது. விடிஞ்சு திரும்பிப் பாக்கேக்கை அவவைக் காணேல்லை.

இப்ப வாசிக்கேக்கைதான் தெரியுது, அண்டைக்கு அந்த ஆச்சி செய்ததைத்தான் இப்ப டொக்டர்மாரும் சொல்லுகினம். கைப்பிள்ளையின்ரை தலை பாரம், கழுத்துக்குப் பலமில்லை, மூச்சுக்குழாய் ஒடுக்கம், மெத்தை மாதிரி மிருதுவும். நாடி நெஞ்சிலை மடிஞ்சால் அந்தக் குழாய் மடங்கும். பெரிய ஆள் எண்டால் இருமும், திமிறும், பிறந்த பிள்ளை சத்தமில்லாமல் இருக்கும், அதுதான் பயம். 2010 மார்ச்சிலை அமெரிக்காவிலை நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு ஸ்லிங் எண்டுற, தோளிலை மாட்டிப் பிள்ளையைத் தூக்கிற துணியைப் பற்றி ஒரு எச்சரிக்கை விட்டது, முந்தின 20 வருசத்திலை 14 பிள்ளையள் இறந்ததாயும் அதிலை 12 பேர் 4 மாதத்துக்குக் குறைஞ்ச பிள்ளையள் எண்டும். அதாலை நீ அனுப்பின முதலாவது படம், அந்தப் பை மாதிரித் தொங்குறது, பிள்ளை அதுக்குள்ளை வளைஞ்சு படுத்திருக்கும் எண்டு வடிவாப் படம் போட்டிருக்கிறது, அது வேண்டாம். விலை குறைவெண்டாலும் வேண்டாம், ஆரும் இனாமாத் தந்தாலும் வேண்டாம். அதைப் பாத்தவுடனை எனக்கு நாவற்குழிதான் ஞாபகம் வந்தது.

ரண்டாவது, உன்ரை சிநேகிதி தந்த பக்கிள் கரியர், இடுப்பிலையும் தோளிலையும் பட்டி கொழுவுறது. நல்ல சாமான்தான், ஆனா இப்ப இல்லை. அதிலை தைச்சிருக்கிற லேபிளை வாசிச்சுப் பார், அநேகமா 7 இறாத்தலிலை இருந்துதான் எண்டு போட்டிருக்கும், அதாவது 3 கிலோ 200 மட்டிலை. எங்கடை குஞ்சு 2 கிலோ 800, பிறந்து முதல் சில நாளிலை எல்லாப் பிள்ளையளும் கொஞ்சம் இறங்கித்தான் ரண்டு கிழமை மட்டிலை பிறந்த நிறைக்கு வருங்கள். சின்னப் பிள்ளையை பெரிய கரியருக்கை விட்டால் அடியிலை சறுக்கிப்போய் குறண்டும். சில கரியருக்கு உள்ளுக்கை வைக்க ஒரு மெத்தை மாதிரி வரும், அதுக்கெண்டு செய்ததை மட்டும் வை, துவாயைச் சுருட்டி வைக்கிற வேலை செய்யாதை. இன்னொண்டு, உனக்கு சீசர். அந்தக் கரியரின்ரை இடுப்புப் பட்டி சரியா தையல் போட்ட இடத்திலைதான் வந்து இருக்கும். 6 கிழமைக்கு டொக்டர் உன்னைப் பாக்கேக்கை கேட்டுப்போட்டு பிறகு போடு. ஒருத்தரும் தாயின்ரை வயித்தைப் பற்றி யோசிக்கிறதில்லை, கரியர் வேண்டேக்கை பிள்ளைக்குச் சுகமோ எண்டுதான் கேக்கினம், உனக்கு நோகுதெண்டால் நீ வளைஞ்சு நிப்பாய், நீ வளைஞ்சால் பிள்ளையும் சரியும்.

மூண்டாவது, அந்த இழுபடுற நீளத் துணி, ராப் எண்டு போட்டிருக்கிறது. அதுதான் இப்ப உனக்குச் சரி எண்டு நினைக்கிறன். 5 மீட்டர் மட்டிலை வருமாம், எங்கடை சீலை ஐஞ்சரை மீட்டர், அப்ப உனக்கு ஏன் பயம், சீலை சுத்தத் தெரிஞ்ச பரம்பரைதானே. தையலுக்கு மேலாலை கட்டலாம், ரண்டு தோளிலையும் பாரம் சமனா இறங்கும், பிள்ளை எவ்வளவு சின்னனோ அந்தளவுக்குச் சுத்தி இறுக்கலாம். ஒரு குறை, பிள்ளை 7, 8 கிலோ வரேக்கை தொய்யத் தொடங்கும், அப்ப அந்த பக்கிள் கரியரை எடு. வளையம் போட்ட ஸ்லிங்கும் நல்லமெண்டு சொல்லுகினம், ஆனா எல்லாப் பாரமும் ஒரு தோளிலை, சீசர் செய்த உடம்புக்கு ஒருபக்கப் பாரம் நல்லமில்லை எண்டு எனக்குப் படுது.

கட்டிப் பழகிறதுக்கு முதல் பிள்ளையை வைக்காதை. 3 கிலோ அரிசியைத் துணியிலை முடிஞ்சு, அதை வைச்சு நாலைஞ்சு தரம் கட்டி அவிட்டுப் பார், கட்டிலுக்குப் பக்கத்திலை நிண்டு. கை பழகினாப் பிறகு குஞ்சை வை. கட்டி முடிய நான் சொல்லுறதை ஒவ்வொரு தரமும் பார், ஒருநாள் கூட விடாதை. குனிஞ்சால் அவளின்ரை உச்சியைக் கொஞ்சக்கூடிய உயரத்திலை இருக்கவேணும். நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவிலை உன்ரை ரண்டு விரல் போகவேணும். குனிஞ்ச உடனை முகம் தெரியவேணும், துணியை விலத்திப் பாக்கிற மாதிரி இருக்கக்கூடாது. பேந்து அவளின்ரை முதுகிலை உள்ளங்கையை வைச்சு மெல்ல அமத்திப் பார், அவள் உன்னட்டை இன்னும் கிட்ட வந்தால் கட்டு இளக்கம், அவிட்டுத் திரும்பக் கட்டு. களைப்பாயிருக்கும், பரவாயில்லை எண்டு தோணும். திரும்பக் கட்டு.

கால் தொங்கக்கூடாது. தவளை இருக்கிற மாதிரி, முழங்கால் ரண்டும் குண்டியை விடக் கொஞ்சம் உயர, துணி ஒரு முழங்கால் மடிப்பிலை இருந்து மற்ற மடிப்பு மட்டும் தாங்கவேணும். எங்கடை ஆக்கள் பிள்ளையை ஒக்கலையிலை வைக்கேக்கை கால் எப்பிடி விரியுதோ அப்பிடித்தான். இடுப்பு மூட்டு இப்பத்தான் உருவாகிக்கொண்டிருக்கு, காலை நேரா இழுத்துச் சுத்தினால் மூட்டு விலகப் பாக்கும், பொம்பிளைப் பிள்ளையளுக்கும் தலைப்பிள்ளையளுக்கும் அது கூட வாறதாம், எங்கடையவள் ரண்டும். கிளினிக்கிலை இடுப்பைப் பாத்தவையோ எண்டு கேள். முன்பக்கம் பாக்க வைச்சுக் கட்டுறது இப்ப வேண்டாம், கழுத்து நிண்டு, அவளுக்கு ஐஞ்சாறு மாதம் ஆகட்டும்.

உன்ரை தாலிக்கொடி. அது பாரம், பவுண் கட்டி, பிள்ளையின்ரை கன்னத்திலை அமத்தும். கழட்டு எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை, ஆனா கட்டேக்கை முதுகுப் பக்கம் விட்டிடு, இல்லையெண்டால் கழட்டி சாமிப்படத்தடியிலை வை, ஒரு குற்றமும் வராது. அவளுக்குக் கழுத்திலை நூலோ சங்கிலியோ ஒண்டும் வேண்டாம். கட்டுக்கை ஊசியும் குத்தாதை.

கட்டிக்கொண்டு குசினிக்கை அடுப்படியிலை நிக்காதை, சுடு தேத்தண்ணியும் குடியாதை, இதை நான் கெஞ்சிக் கேக்கிறன். குனியேக்கை இடுப்பை மடிக்காமல் முழங்காலை மடி. பால் குடுக்க இளக்கினால் குடிச்சு முடிஞ்ச உடனை நிமித்திப் பழையபடி கட்டு, முலையிலை முகம் புதைஞ்சபடி நித்திரையாக விடாதை. வெளியிலை குளிரெண்டு அவளுக்கு மொத்த ஜக்கெற் போட்டு உள்ளுக்கை வைச்சுக் கட்டாதை, துணியும் உன்ரை உடம்புச் சூடும் சேர்ந்தால் வெந்துபோவாள். மெல்லிய சட்டை, தொப்பி, அதுக்கு மேலாலை உன்ரை பெரிய ஜக்கெற் ரண்டு பேருக்கும், முகம் வெளியிலை. பிடரியிலை விரலை வைச்சுப் பார், வேர்த்திருந்தால் சூடு கூட. ஐஸ் பிடிச்ச நாளிலை ஸ்காபரோவிலை வெளிக்கிடவே வேண்டாம், நீ சறுக்கினால் அவளும்தான்.

மருமோனும் கட்டட்டும். வேலையாலை வந்து கை கழுவிப்போட்டு, சட்டையைக் கழட்டிப்போட்டு, வெறும் நெஞ்சிலை வைக்கச் சொல்லு. கொலம்பியாவிலை பொகோட்டாவிலை 1978இலை இன்குபேற்றர் காணாமல் நிறை குறைஞ்ச பிள்ளையளை இப்பிடித் தாயின்ரை நெஞ்சோடை கட்டத் தொடங்கினவை, இப்ப உலகம் முழுக்க அதைத்தான் செய்யினம். தேப்பனின்ரை நெஞ்சும் அதே சூடுதான். அவருக்குத் தோள் அகலம் எண்டபடியால் நீ கட்டின கட்டை அப்பிடியே அவருக்கு மாத்தேலாது, முதலிலை இருந்து கட்டவேணும்.

ஏணை கட்டச் சொல்லி நான் முந்திச் சொன்னதை விட்டிடு. அங்கை நேர்ஸ்மார் சொன்ன மாதிரி நித்திரைக்குச் சமமான கட்டிலிலை மல்லாத்திப் படுக்க வை. நெஞ்சிலை நித்திரையானாலும் நீ சாயுற நேரம் அவளை இறக்கிப்போடு, நீ கட்டோடை கண்ணயரக்கூடாது.

அந்த 95ஆம் ஆண்டுச் சீலை இன்னும் அலுமாரியிலை கிடக்குது, அதைத்தான் உனக்கு அனுப்புவம் எண்டு நேற்று எடுத்துப் பாத்தனான். வெளிச்சத்துக்குப் பிடிச்சால் அந்தப் பக்கம் தெரியுது, அவ்வளவு மெல்லிசாப் போச்சு. கட்ட உதவாது, பாரம் தாங்காது. நாலாக் கிழிச்சு ஓரம் அடிச்சு, அவிச்சுக் காய வைச்சிருக்கிறன், துடைக்கிறதுக்கும் மடியிலை விரிக்கிறதுக்கும் நல்ல மெது. சரக்குத்தூளோடை சேர்த்து திங்கக்கிழமை பார்சல் போடுறன், நீ அந்தத் தூளை ஒழுங்காச் சாப்பிடு.

ராப் வந்த உடனை அரிசியோடை பழகு. பிறகு குஞ்சைக் கட்டிப்போட்டு எனக்கு வீடியோ கோல் எடு, இஞ்சை எத்தினை மணியா இருந்தாலும் எடு. வடிவுக்கு முன்னாலை நிக்காமல் பக்கவாட்டிலை திரும்பி நில். எனக்கு அவளின்ரை நாடியைக் காட்டு.

அம்மா