சத்துணவுக்கூடத்து அக்காவுக்கு

அக்கா,

இதை உங்கள் பேரன்தான் படித்துக் காட்டுவான். அதனால் அவனுக்கும் புரியும்படியே எழுதுகிறேன். வேறு பலரும் படிப்பார்கள் என்று தெரியும். பெற்றோர், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், ஒருவேளை அலுவலகத்தில் இருப்பவர்களும். அதனால் ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர் எதுவும் போடவில்லை. தெரிந்தவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

போன மாதம் என்னை நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். என்னென்ன செய்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். 2020 ஜூனிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டுவரும் வாரச் செய்திகளை இணைக்கலாம் என்று உதவி ஆசிரியர் யோசனை சொன்னார். எல்லாவற்றையும் அச்சு எடுத்துக்கொண்டு வந்து, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்து வருட வாரியாக அடுக்கினேன். 190 தாள்களுக்கு மேல் இருந்தன.

ஒவ்வொன்றின் கடைசியிலும் 'இந்த வாரப் பாராட்டு' என்று ஒரு பகுதி உண்டு. அதைத்தான் எல்லோரும் முதலில் படிப்பார்கள். எண்ணும் எழுத்தும் வகுப்புக்கு அட்டை வெட்டி எழுத்துச் சக்கரம் செய்த உதவி ஆசிரியர், இரண்டு மின்விசிறி வாங்கித் தந்த முன்னாள் மாணவர், சுற்றுச்சுவர் விரிசலைக் கூலி வாங்காமல் பூசித் தந்த கொத்தனார் என்று எல்லோர் பெயரும் இருக்கிறது. கழிவறைக் குழாயைச் சரிசெய்தவர் பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறது. உங்கள் பெயர் ஒரு தடவைகூட இல்லை. எங்காவது இருக்கும் என்று மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். 'சத்துணவுப் பணியாளர்கள்' என்று மூன்று இடத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

ஜூன் மாதம் மாற்றுச் சான்றிதழ் வாங்க உங்கள் பேரன் வந்திருந்தான். ஆறாம் வகுப்புக்குப் போகிறான், நல்ல உயரம் வந்துவிட்டான். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, ஆயா எப்படி இருக்காங்க என்று கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னான். பிறகு அவனாகவே சொன்னான்: "வேலைல இருந்தப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா நீங்க போட்டதைப் படிக்கச் சொல்லும் டீச்சர். முழுசாப் படிச்சு முடிச்சதும், அவ்ளோதானான்னு கேக்கும்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அடுத்த கையெழுத்து சரியாக விழவில்லை.

அவ்ளோதானா. என்னிடம் அதை ஒரு தடவை கேட்டிருக்கலாமே அக்கா? எட்டு வருடம் ஒரே வளாகத்தில் இருந்தோம். என் மேசையிலிருந்து உங்கள் அடுப்படிக்கு இருபது அடி. முட்டை எண்ணிக்கை குறைந்தால் அந்த நிமிடமே வந்து சொன்னீர்கள். அரிசியில் வண்டு இருந்தால் முறத்தோடு வந்து காட்டினீர்கள். இதை மட்டும் ஏன் பேரனிடம் கேட்டீர்கள்?

சரி. நான் ஏன் எழுதவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

2016-ல் நான் இந்தப் பள்ளிக்கு வந்தபோது சில பிள்ளைகள் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வந்தார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இதைப் படிக்கும் சிலருக்கும் நன்றாகவே தெரியும், அவர்கள் இப்போதும் குழுவில் இருக்கிறார்கள். யாருடனும் நான் சண்டைக்குப் போகவில்லை. பரிமாறுவதற்கு முன்னால் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. நான் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளாமல் தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தினமும் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருட முழுப்பரீட்சைக்குள் டிபன் பாக்ஸ்கள் இரண்டாகக் குறைந்தன. அடுத்த வருடம் அதுவும் இல்லை.

பேசாமல் இருந்ததால்தான் சரியானது என்று நான் நம்பினேன். 2018 ஜூலையில் அவினாசி பக்கம் ஒரு பள்ளிச் சமையலரைச் சமைக்க விடமாட்டோம் என்று சிலர் வந்து நின்றார்கள். அவருக்கு இடமாறுதல் போட்டார்கள், பிறகு எதிர்ப்பு வந்ததும் அதை ரத்து செய்தார்கள். பேப்பரில் படித்துவிட்டு அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கே அடங்கிக் கிடப்பதை நாமே கிளறக் கூடாது, 'இன்று சமைத்தவர் இவர்' என்று பெயரும் படமும் போட்டு யாருக்கும் நினைவுபடுத்தக் கூடாது என்று முடிவு செய்தேன். வாரச் செய்தி தொடங்கியபோது அந்த முடிவும் கூடவே வந்தது. உங்கள் வேலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன்.

அது முழு உண்மையா என்று இந்த ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதி உண்மை. முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு உண்மை. அதற்குப் பிறகு பயப்பட ஒன்றும் இல்லை, பழக்கம்தான் இருந்தது. யாரை எழுதுவது என்று யோசிக்கும்போது நீங்கள் என் நினைவுக்கே வரவில்லை. தினமும் என் தட்டில் சோறு போட்ட கை அது.

2023 செப்டம்பர் 5. செவ்வாய்க்கிழமை. முதல் வாரம் என்பதால் கொண்டைக்கடலைப் புலவு.

காலையிலேயே பிள்ளைகள் பேனா, சாக்லேட், வாழ்த்து அட்டை எல்லாம் கொடுத்துவிட்டார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் தாமதமாக வந்தாள். இரண்டு ரோஜா, வீட்டுச் செடியில் பறித்தது, காம்பில் ஈரத் துணி சுற்றியிருந்தது. ஒன்றை வந்ததும் என்னிடம் கொடுத்துவிட்டாள். இன்னொன்றைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் அதை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். நான் வேப்பமரத்தடியில் போனைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முறை வந்தது. தட்டை நீட்டாமல் ரோஜாவை நீட்டினாள்.

நீங்கள் கரண்டியை வைத்தீர்கள். வலது கையை முந்தானையில் துடைத்தீர்கள். ஒரு தடவை துடைத்துவிட்டு, போதாது என்பது போல மறுபடியும் துடைத்தீர்கள். அப்புறம் கையை நீட்டினீர்கள்.

"அது டீச்சருக்கு, இங்க கொண்டாம்மா" என்றேன்.

உதவி ஆசிரியருக்கு அன்று பூ எதுவும் வரவில்லை. அவருக்குக் கொண்டு வந்ததை இந்தப் பிள்ளை ஆள் மாற்றிக் கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அப்படி நினைக்க எனக்கு ஏன் அரை நொடிகூட ஆகவில்லை?

பிள்ளை உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீங்கள் நீட்டிய கையை அப்படியே முட்டைத் தட்டுப் பக்கம் கொண்டுபோனீர்கள், முட்டை எடுக்கத்தான் நீட்டியது போல. "ஆமா கண்ணு, இன்னிக்கி டீச்சருங்க நாளு, அவங்களுக்குக் குடு" என்று சொல்லி அவள் தட்டில் முட்டையை வைத்தீர்கள். குரலில் ஒன்றும் இல்லை. அதனால்தான் நானும் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். ரோஜாவை உதவி ஆசிரியரிடம் கொடுத்துப் படம் எடுத்தேன். அந்த வார வெள்ளிக்கிழமைச் செய்தியில் அந்தப் படம்தான் முதலில் போனது. அதையும் பேரன் உங்களுக்குக் காட்டியிருப்பான்.

அதற்குப் பதினொரு நாள் முன்னால்தான் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. ஆகஸ்ட் 25. வாழைமரம் கட்டி, விருந்தினரை அழைத்து, பெரிய செய்தி எழுதினேன். காலையில் சமைக்க மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் வந்தார்கள், அவர்கள் பெயரை எல்லாம் போட்டேன். முந்தின நாள் சாயங்காலம் இருட்டும் வரை அந்த அடுப்படியைத் தேய்த்துக் கழுவி, பாத்திரத்தில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தது நீங்கள். அதுவும் எழுதப்படவில்லை. ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளிலும் இதே கதைதான். 1956-ல் காமராசர் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டதையும், 1982-ல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவாக விரித்ததையும் வருடா வருடம் மைக்கில் பேசுகிறேன். நான் பேசி முடிப்பதற்குள், தலைக்கு நூறு கிராம் கணக்கில் 43 பேருக்கு நாலு கிலோ முந்நூறு அரிசியை நீங்கள் வடித்து இறக்கியிருப்பீர்கள்.

பள்ளி பூட்டிக் கிடந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டையைக் கையில் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டில் போன் இருக்கிறதா, அப்பா வேலைக்குப் போகும்போது எடுத்துப் போய்விடுவாரா, எந்தப் பிள்ளை பக்கத்து வீட்டில் கல்வித் தொலைக்காட்சி பார்க்கிறது என்றெல்லாம் எனக்குச் சொன்னது நீங்கள். நீங்கள் தெருத் தெருவாகக் கேட்டுவந்து சொன்ன எண்களை வைத்துத்தான் அந்தக் குழுவையே தொடங்கினேன். உங்களிடம் போன் இல்லாததால் உங்களை அதில் சேர்க்கவில்லை. பேரனின் அம்மா எண்ணைச் சேர்த்தேன், அதுவும் பெற்றோர் என்ற முறையில்.

ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் என்னை 'போட்டோ டீச்சர்' என்று சொன்னது நீங்கள். ரேஷன் கடை வரிசையில் என் காதில் விழுந்தது, முதலில் சொன்னது யார் என்றும் தெரியவந்தது. அந்தப் படங்களை நான் ஆசைக்கு எடுக்கவில்லை. செயலியில் ஏற்ற வேண்டும், ஏற்றவில்லை என்றால் போன் வரும். கற்பிக்கும் நேரத்தைத் தின்னும் அந்த வேலையை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று பக்கத்திலிருந்து பார்த்த ஆள் நீங்கள்.

அப்புறம் அந்தக் கடைசி நாள். 2024 ஜூன் மாதம், உங்களுக்கு 60 முடிந்து பணி நிறைவு. நான் கையிலிருந்து பணம் போட்டு, பெற்றோரிடமும் வசூலித்து, சால்வை, குத்துவிளக்கு, எல்லோருக்கும் கேசரி என்று ஏற்பாடு செய்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் எல்லோரும் வந்தார்கள். ஒரு காலத்தில் டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பிய வீட்டிலிருந்தும் வந்து உட்கார்ந்திருந்தார்கள், உங்களுக்கு மரியாதை செய்ய. அதற்கு எட்டு வருடம் ஆனது அக்கா. நீங்கள் வரவில்லை. பதினோரு மணிக்கு உங்கள் பேரன் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, "ஆயாவுக்கு உடம்பு சரியில்லையாம்" என்றான். அன்று சாயங்காலம் நீங்கள் வாய்க்கால் கரையில் ஆடு ஓட்டிப்போனதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அத்தனை பேர் முன்னால் மடித்த சால்வையோடு நான் நின்றேன். ஆட்கள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. என்னைத் தண்டிக்க வேண்டும் என்றால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம்.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வெள்ளிக்கிழமைச் செய்தியை நான் மனதில் எழுதி வைத்திருந்தேன். உங்களுக்குச் சால்வை போடும் என் படத்தோடு.

இந்த 2025-ல் உங்கள் ஓய்வூதியம் மாதம் 2000 ரூபாய். அதைப் பற்றி நான் இங்கே எழுத முடியாது, நானும் அரசு சம்பளம் வாங்குகிறவள். ஆனால் அந்தத் தொகை எனக்குத் தெரியும் என்பதாவது உங்களுக்குத் தெரியட்டும். நல்லாசிரியர் விருதோடு 10,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் தருவார்கள். கிடைத்தால் அந்தப் பணத்தை உங்களிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அதற்கும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விண்ணப்பத்தை அனுப்பவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தத் தாள்களை ஆதாரம் என்று வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ரோஜாப் படத்தின் அச்சை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். உதவி ஆசிரியர் சிரிக்கிறார், பிள்ளை சிரிக்கவில்லை. இடது ஓரத்தில் முட்டைத் தட்டின் மேல் ஒரு கை, மணிக்கட்டு வரைக்கும். அதற்கு மேல் நான் வெட்டிவிட்டேன்.

புதிதாக வந்திருக்கும் சமையலர் நன்றாகத்தான் சமைக்கிறார். ஆனாலும் சாம்பாருக்கு நீங்கள் முருங்கைக்காயை எந்த நேரத்தில் போடுவீர்கள் என்று பிள்ளைகள் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் பெயர் ஜூலை முதல் வாரச் செய்தியிலேயே வந்துவிட்டது. அதற்கு எந்த வீட்டிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

இந்த வருடம், 2025-ல், செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை வருகிறது. அன்றைய செய்தியில் உங்களைப் பற்றி எழுத வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் எழுதமாட்டேன், இங்கேயும் அதனால்தான் பெயர் போடவில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. பணிப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஒரு விதமாக இருக்கிறது, பேரனின் சேர்க்கைப் படிவத்தில் வேறு விதமாக இருக்கிறது. எட்டு வருடம் அக்கா என்றும், பிள்ளைகளிடம் ஆயா என்றும் சொல்லிச் சொல்லி, எது சரி என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பேரனை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அதையும் அவனிடமே சொல்லி அனுப்புங்கள்.