செய்முறைப் பதிவேடும் "திருவிழா முடியட்டும்" என்ற பதிலும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் இந்த வாரம் வீட்டுக்கு வந்திருக்கும். மதிப்பெண் பற்றி வகுப்பாசிரியர்கள் தனித்தனியே உங்களிடம் பேசுவார்கள். நான் எழுத நினைத்தது வேறு.

பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்தில் செய்முறைப் பதிவேடுகளை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். பல நோட்டுகளில் பிரவுன் அட்டை கச்சிதமாகப் போட்டு, லேபிள் ஒட்டி, பொருளடக்கப் பக்கத்தில் சிவப்பு மையில் கோடு கிழித்திருந்தார்கள். முதல் சோதனையின் 'நோக்கம்' முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. அதற்கப்புறம் வெள்ளைத்தாள். ஜூலையில் செய்த சோதனைக்கு இன்னும் அட்டவணைகூடப் போடவில்லை. கேட்டால், "ஓணம் முடியட்டும் என்று இருந்தேன் சார்." ஓணம் போய்விட்டது. இப்போதைய தவணை கோட்டாறு சவேரியார் திருவிழா. டிசம்பர் 3-ஆம் தேதி உள்ளூர் விடுமுறையும் கழிந்தால், அரையாண்டுத் தேர்வு வாசலில் வந்து நிற்கும்.

சோம்பேறித்தனம் என்று சொல்லி முடித்துவிடலாம். வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. ஆனால் இதே பிள்ளைகள்தான் விளையாட்டு விழாவுக்கு உச்சி வெயிலில் நின்று மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். யாரும் விரட்டவில்லை.

தள்ளிப்போடும் பழக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஃபுஷியா சிரோய், டிமோத்தி பிச்சில் இருவரும் 2013-இல் எழுதிய கட்டுரையில், இதை நேரக் கணக்கில் வரும் கோளாறாக மட்டும் பார்க்காமல், அப்போதைய மனச்சங்கடத்திலிருந்து தப்பிக்கும் வழியாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது சரியென்றே படுகிறது. வரைபடம் கோணலாக வருகிறது, சூத்திரம் பிடிபடவில்லை, ஆசிரியர் கேள்வி கேட்டால் விழிக்க வேண்டும். நோட்டைத் திறந்தால் இவ்வளவும் எதிரே வருகிறது. மூடினால் உடனே நிம்மதி. அந்த நிம்மதி ருசித்துவிட்டால் மறுநாளும் கை நோட்டை மூடத்தான் போகும். செல்போனை எல்லோரும் குற்றம் சொல்கிறோம். ஓடி ஒளிய மிக அருகில் இருக்கும் இடம் அது, அவ்வளவுதான்.

அந்த நிம்மதிக்கு வட்டி உண்டு. 1997-இல் டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் வெளியிட்ட ஆய்வில், வேலையைத் தள்ளிப்போட்ட கல்லூரி மாணவர்கள் பருவத்தின் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். பருவ முடிவில் அவர்களுக்கே மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் அதிகம், மதிப்பெண்ணும் குறைவு.

நம் பெற்றோரில் பலர் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறையும் என்பதால் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போகிறீர்கள். அங்கே நேரத்தை மரம் குறித்துக் கொடுத்துவிடுகிறது. பதிவேடு அப்படியல்ல, செய்முறைத் தேர்வு வரை வாய் திறக்காமல் காத்திருக்கும். அதனால் நேரத்தை நாம்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். இந்த வாரம் முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசிப் பாடவேளையில் ஒரே ஒரு சோதனைக்கு ஆசிரியர் கையெழுத்திடுவார். மொத்தமாகக் கொண்டுவந்து நீட்டும் வேலை இனி நடக்காது. போன வருடத்து அண்ணன்மாரின் நோட்டை வாங்கி ஈயடிச்சான் காப்பி அடிப்பதும் இத்துடன் நிற்கும் என்று நம்புகிறேன்.

வீட்டில் உங்களிடம் கேட்பது சிறிய உதவிதான். "படித்தாயா?" என்று கேட்டால் "படித்தேன்" என்ற பதில்தான் வரும். "எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறாய்? காட்டு" என்று கேளுங்கள். "இன்று மாலை படிப்பேன்" என்ற வாக்குறுதியை ஏற்க வேண்டாம். "டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும் மூன்றாம் சோதனைக்கு அட்டவணை போடுவேன்" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். எப்போது, எங்கே, எதை என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதைச் செய்து முடிப்பதும் அதிகம் என்பதை பீட்டர் கோல்விட்சர் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும் என்று தொடங்குங்கள், உட்காருவதுதான் பெரும்பாடு.

ஒரு வேண்டுகோள்: பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுக்காதீர்கள். நோட்டைப் பார்த்தாலே கூசுகிற பிள்ளைக்கு அந்தக் கூச்சம் இரட்டிப்பாகும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். கண்டிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கண்டித்த கையோடு நோட்டைத் திறந்து பக்கத்தில் உட்காருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில மாணவியரின் நோட்டு காலியாக இருப்பதற்குத் தள்ளிப்போடுதல் காரணமே அல்ல. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அடுக்களை, பிறகு தம்பியின் வீட்டுப்பாடம், அதற்குள் மணி ஒன்பது. அண்ணன் அந்நேரம் கிரிக்கெட் ஆடிவிட்டு வருகிறான். இது பெரியவர்கள் மாற்ற வேண்டிய ஏற்பாடு. அதேபோல், எதிலுமே நாட்டமின்றி, உறக்கமும் சாப்பாடும் குறைந்து வாரக்கணக்கில் ஒதுங்கியிருக்கும் பிள்ளையைப் 'படிக்காதவன்' கணக்கில் சேர்க்காமல் எங்களிடம் அழைத்து வாருங்கள். மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கலாம்.

பிளஸ் டூ பெற்றோர் கூட்டம் வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு. ஆழ்கடலுக்குப் போயிருக்கும் தந்தையர் கரை வந்த பிறகு எந்த நாளிலும் மாலை நான்கு மணிக்கு மேல் வந்து என்னைப் பார்க்கலாம். மற்றவர்கள் வரும்போது பிள்ளையின் பதிவேட்டையும் கையில் எடுத்து வாருங்கள், எந்த நிலையில் இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்